பத்து முருங்கைக்காயும் பத்து லட்சம் ஏக்கரும்



"மனநிறைவு தருவது சேர்ப்பதே" என்று முழங்கிய எதிரணி அம்மையார், "மிச்சம் இருக்கிறவன் கொடுக்கிறான், இதிலென்ன பெருமை?" என்று கேட்டார். அம்மா, கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும் அந்தக் கஷ்டம்! எங்கள் வீட்டு முருங்கை காய்த்துத் தொங்கியது. பக்கத்து வீட்டுக்குப் பத்துக் காய் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா காயைப் பார்க்கலை, என்னையே பார்த்தாங்க. "என்ன சார், எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா?"ன்னாங்க. (சிரிப்பு)

பத்து முருங்கைக்காய்க்கே இப்படி. பத்து லட்சம் ஏக்கர் கொடுக்க வந்தவரை என்ன பேசியிருப்பார்கள்?

டக்ளஸ் டாம்ப்கின்ஸ் என்று ஓர் அமெரிக்கர். 1943-இல் பிறந்தவர். 'நார்த் ஃபேஸ்' என்ற மலையேற்றச் சாமான் கடையைத் தொடங்கியவர். 'எஸ்பிரிட்' என்ற ஆடை நிறுவனத்தை மனைவியோடு சேர்ந்து வளர்த்தவர். சேர்த்தார் ஐயா, எதிரணி ஆசைப்படுகிற மாதிரியே சேர்த்தார்! நிறைவு வந்ததா? தேவையில்லாத துணிமணிகளை ஜனங்கள் தலையில் கட்டுகிறோமே என்ற உறுத்தல்தான் வந்தது. தன் பங்கை விற்றுவிட்டுத் தென்அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போனார். அங்கே காடு வாங்கினார். எதற்கு? வெட்டுவதற்கு அல்ல, வெட்டாமல் இருப்பதற்கு!

மூவாயிரம் ஆண்டு வாழக்கூடிய அலெர்சே மரங்கள் உள்ள காடு அது. "பூங்காவாக்கி உங்களுக்கே தருகிறேன்" என்றார். யார் நம்பினார்கள்? நாட்டையே இரண்டாக வெட்டப் பார்க்கிறான் என்றார்கள். அணுக்கழிவு கொட்டப் போகிறான் என்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. வெளிநாட்டுக்காரன் வந்து மலை முதல் கடல் வரை வளைத்தால் நாம் மட்டும் மாலையா போடுவோம்? முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. நல்லவேளை, "ஏன் கொடுக்கிறாய்?" என்று முல்லை கேட்கவில்லை! (கைதட்டல்)

மனிதர் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பவில்லை. சில பூங்காக்களைத் தம் காலத்திலேயே ஒப்படைத்தார். பெரிய கொடை பாக்கி இருந்தது. 2015 டிசம்பர் 8. அங்குள்ள பெரிய ஏரி ஒன்றில் படகு கவிழ்ந்து, குளிர்ந்த நீரில் விறைத்து இறந்தார். வயது 72. அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

எதிரணி நண்பர்களே, அந்த நேரத்தில் அவருடைய துணைவியார் கிறிஸ் என்ன செய்திருக்கலாம்? "போதும்ப்பா, வித்துட்டு ஊருக்குப் போறேன்"னு கிளம்பியிருக்கலாம். யார் தடுப்பார்கள்? அந்த அம்மா 2017-இல் சிலியின் குடியரசுத் தலைவர் மிச்செல் பாச்செலெட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, சுமார் பத்து லட்சம் ஏக்கரை எழுதிக் கொடுத்தார். அவரும் ஒரு பெண். (பலத்த கைதட்டல்) சந்தேகப்பட்ட அதே நாடு, 'புமாலின்' காட்டுக்கு டக்ளஸ் டாம்ப்கின்ஸ் தேசியப் பூங்கா என்று பேர் வைத்தது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை.

பக்கத்து நாடான அர்ஜென்டினாவில், இபெரா சதுப்பு நிலத்தில் எழுபது வருஷமாக ஜாகுவார் சிறுத்தையே கிடையாது. அவர்கள் ஆரம்பித்த பணியின் பலனாக, 2021-இல் ஒரு தாயும் இரண்டு குட்டிகளும் கூண்டு திறந்து வெளியே நடந்தன...

நடுவர் மணி அடித்துவிட்டார். முருங்கைக்காய் மிச்சம் இருக்கிறது ஐயா, போகும்போது தருகிறேன்.