மதிலுக்கு அந்தப் பக்கம் கோட்டூர்புரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னது பழைய கான்கிரீட் கட்டடங்களைப் பழுதுபார்ப்பது பற்றி. அது என் பிழைப்பு. அதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவேன், நீங்கள் பத்து நிமிஷத்தில் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவீர்கள். ஆகவே வேறு விஷயம் பேசுகிறேன். கிண்டியில் நம் கல்லூரி மதிலுக்கு வெளியே, காந்தி மண்டபம் சாலையைத் தாண்டி, கோட்டூர்புரத்தில் நான் குடியிருக்கிறேன். முதலில் மாணவனாக இரண்டு வருஷம். பிறகு 2013 முதல் இன்று வரை குடும்பஸ்தனாக. அந்த ஊரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கடன் இருக்கிறது.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வடக்கே அடையாறு. ஒரு பக்கம் நம் கல்லூரி, பிர்லா கோளரங்கம். இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் அதன் ஓரமாக 2004-இல் வந்த பறக்கும் ரயிலும். 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது. நான் படித்த காலத்தில் அது இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம். நடுவிலே வீட்டு வசதி வாரியம் போட்ட மனைகளும் குடியிருப்புகளும், தூங்குமூஞ்சி மரங்களும். மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் தெருவில் நின்றால் குக்கர் விசில், குயில், இஸ்திரி வண்டிக்காரர் ரேடியோ, இவ்வளவுதான் கேட்கும். எப்போதாவது கிண்டிக் காட்டிலிருந்து வழிதவறிய குரங்கு ஒன்று வந்து மொட்டை மாடி வடகத்தை அள்ளிக்கொண்டு போகும். அன்றைக்கு மட்டும் தெருவே சத்தமாக இருக்கும்.

2007-இல் மூன்றாம் ஆண்டு. விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் நாங்கள் நான்கு பேர் ஒரு மாடிப் போர்ஷனில் குடிபோனோம். கீழே வீட்டுக்காரர், அரசு உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், ஆஸ்துமாக்காரர். அவரை சார் என்போம், வீட்டுக்காரம்மாவை அம்மா என்போம். அம்மா போட்ட நிபந்தனைகள் மூன்று. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது. பத்து மணிக்கு மேல் நண்பர்கள் வரக் கூடாது. தண்ணீர் மோட்டார் சுவிட்ச் மாடியில் இருந்ததால், காலையும் மாலையும் அதைப் போட்டு நிறுத்துவது எங்கள் பொறுப்பு.

முதல் இரண்டையும் ஓரளவு காப்பாற்றினோம். மூன்றாவதில்தான் விழுந்தோம்.

செமஸ்டர் தேர்வு முடிந்த ராத்திரி. மோட்டாரைப் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டோம். போட்டது நான். திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. தொட்டி நிரம்பி, மொட்டை மாடியிலிருந்து சுவர் வழியாக இறங்கி, கீழே மீட்டர் பெட்டிக்குள் தண்ணீர் போய், வீடு முழுக்க இருட்டு. இருட்டு பெரிய விஷயமில்லை. சாருக்கு அன்றைக்கு மூச்சுத் திணறல் வந்திருக்கிறது. மருந்தைப் புகையாக உள்ளே இழுக்கிற மெஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது. அம்மா பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். வாசல் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில் ஒரு செருப்பு மிதந்தது.

மூன்று நாள் கழித்து சார் வீட்டுக்கு வந்தார். நாங்கள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளக் கீழே இறங்கினோம். அம்மா எங்கள் நால்வரையும் பார்த்தார். "நிறுத்தத் தெரியாதவன் போடக் கூடாது தம்பி" என்றார். அவ்வளவுதான். போகச் சொல்லவில்லை. சார் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். தேதி, போட்ட நேரம், நிறுத்திய நேரம், கையெழுத்து என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். அந்த நோட்டைப் பட்டம் வாங்கும் வரை நான் எழுதினேன்.

தண்டனையாகத் தொடங்கியது, போகப் போக எனக்கே சுவாரசியமாகிவிட்டது. தை மாதத்தில் தொட்டி நிரம்ப 20 நிமிஷம் என்றால், சித்திரையில் 35, 40 நிமிஷம் ஆகும். கிணற்று மட்டம் இறங்க இறங்க மோட்டார் அதே தண்ணீரை இன்னும் ஆழத்திலிருந்து தூக்க வேண்டும், அதனால் குறைவாகத்தான் தள்ளும். பம்பின் குணம் அது. வகுப்பில் வரைபடமாகப் படித்ததை நான் புரிந்துகொண்டது அந்த நோட்டில்தான். சாரிடம் காட்டினேன். மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானபோது தோண்டிய குழி தூர்ந்திருக்கும், பார்ப்போம் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் தோண்டி, மண்ணை அள்ளி, ஜல்லியைக் கழுவிப் போட்டோம். அம்மா அன்றைக்குப் பூரி போட்டார். எத்தனை பூரி என்று கேட்காதீர்கள்.

கல்யாணமான பிறகு 2013-இல் அடுத்த தெருவிலேயே முதல் மாடியில் வாடகைக்கு வந்தேன். சொந்தமாக வாங்கலாமே என்று கேட்பவர்கள் கோட்டூர்புரத்தில் விலை விசாரித்திருக்க மாட்டார்கள். 2014-இல் சார் காலமானார். அம்மா கீழே தனியாக, மாடியில் வழக்கம்போல நம் கல்லூரிப் பையன்கள்.

2015 டிசம்பர் 1. அன்று ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். ஏரிக்குக் கீழே பெய்த மழையும் அதோடு சேர்ந்து அடையாற்றில் வந்தது. ஆற்றோரத்தில் இருந்த ஏழை ஜனங்களின் குடியிருப்புகள் முதலில் மூழ்கின. பிறகு எங்கள் பக்கம். போன் வேலை செய்யவில்லை. நான் இடுப்பளவு தண்ணீரில் மதிலைப் பிடித்துப் பிடித்து அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கீழ் வீடு காலி. எனக்கு உயிரே போய்விட்டது. அதே திறந்த கதவு, அதே கூடம், இந்தத் தடவை ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர்.

மாடியிலிருந்து டார்ச் அடித்தார்கள். பையன்கள் மூன்று பேர், அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அப்படியே தூக்கிக்கொண்டு மேலே போயிருக்கிறார்கள். அம்மா கட்டிலில், பையன்கள் தரையில், இரண்டு நாள். சாரின் போட்டோவையும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அம்மா கேட்டது, "மோட்டார் ஆஃப்ல இருக்கா பாருப்பா." கரண்டே இல்லாத ஊரில்!

தண்ணீர் வடிந்த பின் ஒவ்வொரு சுவரிலும் சேற்றுக் கோடு நின்றது. அழிவதற்குள் அதை அளந்துவிட வேண்டும் என்று தோன்றியது. அலுவலகத்திலிருந்து மட்டக் கருவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கிவந்தேன். அந்தப் பையன்கள்தான் ஸ்டாஃப் பிடித்தார்கள். தெரு முழுக்க மட்டம் எடுத்தோம். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் தெரு, ஆற்றுப் பக்க முனையில் மூன்றடி தாழ்வு. ஒவ்வொரு வீட்டுக் கேட் தூணிலும் வெள்ளக் கோட்டின் உயரத்தைச் சின்னதாகப் பெயிண்டில் குறித்தோம். 1794-இல் நில அளவை சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய பள்ளிக்கூடம்தானே நாம்! 1920-இல் கிண்டிக்கு வந்த பிறகு மதிலுக்கு வெளியே நாலு தெருவையாவது அளக்க வேண்டாமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, முனை வீட்டுக்காரர்கள் அந்தக் குறியைப் பார்த்து முந்தின நாளே ஸ்கூட்டர்களையும் ஃபிரிட்ஜையும் ஏற்றி வைத்தார்கள்.

இதோடு முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் 2022-இல் நடந்ததைச் சொல்லத்தான் நான் மேடை ஏறினேன்.

கொரோனாவில் கல்லூரி மூடிய 2020-இல் எங்கள் தெரு உண்மையிலேயே நிசப்தமாகிவிட்டது. மாடிப் போர்ஷன்கள் காலி. இஸ்திரி வண்டி வரவில்லை. சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த மெஸ்கார அம்மா ஊருக்கே போய்விட்டார். மாணவர்கள் திரும்பி வந்ததும் சத்தமும் திரும்பி வந்தது, பழைய அளவைவிடக் கூடவே. அந்த வருஷம் குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள்: இனி இந்தத் தெருவில் மாணவர்களுக்கு வீடு விடுவதில்லை.

கொண்டுவந்தவர் எழுபது வயதைத் தாண்டியவர். கெட்ட மனுஷர் இல்லை. அவர் மனைவி பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ராத்திரி ஒன்றரை மணிக்கு பைக் உதைக்கிற சத்தத்தில் அந்த அம்மா திடுக்கிட்டு எழுந்தால் விடியும் வரை தூக்கமில்லை. எந்தெந்தத் தேதி, எத்தனை மணி என்று அவரும் ஒரு நோட்டு வைத்திருந்தார். நோட்டைப் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது.

நான் வாடகைக்காரன், எனக்கு ஓட்டு கிடையாது. பேச மட்டும் அனுமதித்தார்கள். உண்மையைச் சொன்னால், என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அதே மாதிரி பைக்குகளை நானும் சபித்திருக்கிறேன். இருந்தாலும் எழுந்து மோட்டார் கதையைச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். பெரியவர் சொன்னார்: "கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. என் வீட்டுக்காரிக்குத் தூக்கம் வரலையே." அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேசியது நம் அம்மாதான். "மாடி காலியா இருந்தா ராத்திரியிலே எனக்குத்தான் பயம்" என்றார். முடிவை ஒரு வாரம் ஒத்திவைத்தார்கள்.

மறுநாள் அந்த மாணவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர்கள் பைக் நிறுத்தும் இடத்துக்கு நேர் பின்னால் இருப்பது ஒரு நோயாளியின் ஜன்னல் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எட்டு மாதம் குடியிருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இரண்டு பேரைப் பெரியவர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அந்த அம்மா இடது கையால் ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதிலிருந்து ராத்திரி பைக்கைத் தெரு முனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்புகிறார்கள். ஒருவன் மட்டும் அடிக்கடி மறந்துவிடுவான். அவன் இந்தக் கூட்டத்தில் இருக்கிறான், பெயர் சொல்ல மாட்டேன்.

தீர்மானம் கடைசியில் உருமாறியது. மாணவர்களுக்கு வீடு உண்டு, ஆனால் தெருவில் யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். யார் போடுவது என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்றைக்கு நான் பதினொரு பேருக்குக் காப்பாளர். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தால் என் மனைவி, "உங்க பிள்ளைங்கதான்" என்று என்னிடம் நீட்டுகிறாள்.

முன்னாள் மாணவர்களில் இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பதினொன்றை நீங்கள் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டால் என் வீட்டில் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சங்கச் செயலாளரிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன், போகும்போது பெயரும் தெருவும் எழுதிவிட்டுப் போங்கள்.

தம்பிகளுக்கு ஒரு தகவல். அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. அந்த மாடிப் போர்ஷன் அடுத்த மாதம் காலியாகிறது. மூன்று பேருக்குச் சரியாக இருக்கும். நோட்டு இருக்கிறது, பேனா நீங்கள் கொண்டுவர வேண்டும். கூட்டம் முடிந்ததும் சாப்பாட்டுக் கூட வாசலில் நிற்பேன், வந்து பாருங்கள்.