மீட்டுப் பார்த்த படி

திருநின்றவூர் என்றதும் பூசலார் நாயனார் நினைவுக்கு வருவார். அவர் கோயிலை மனத்துள்ளேயே எழுப்பினார் என்கிறது பெரியபுராணம். பக்திக்கு அது போதும். தொழிற்கூடத்தின் கூலிக் கணக்குக்குப் போதாது.

சிறு நிறுவனங்களில் சர்வரைப் பேணுபவர் பெரும்பாலும் ஒருவரே. கடவுச்சொல்லும் இணைப்பு முறையும் அவர் மனத்தில் மட்டும் இருந்தால், அவர் வராத நாளில் பழுது பார்ப்பவர் யார்? ஆகவே, அவற்றை எழுதி வைத்தல் முதற்கடமை.

அடுத்தது படியெடுத்தல். மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேற்றிடத்தில் என்பது இத்துறையினர் போற்றும் விதி. 2015 டிசம்பரில் சென்னை கண்டதைப் போன்ற வெள்ளம் புகுந்தால், சர்வரும் அதனருகே வைத்த படியும் ஒருங்கே நனையுமன்றோ?

மூன்றாவது, மீட்டுப் பார்த்தல். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் நிறுவனத்தில், கோளாறு ஒன்றைச் சீர்செய்த ஊழியர் தவறுதலாகத் தரவுகளை அழித்துவிட்டார். அங்கிருந்த ஐந்து காப்பு முறைகளில் ஒன்றும் உரியவாறு கைகொடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த படியே காப்பாற்றியது. இடைப்பட்ட தரவுகள் போயின.

மாணவர்களே, நாளை இப்பணி உங்களிடம் வரலாம். மாதம் ஒருமுறையேனும் ஒரு கோப்பைப் படியிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது படி.