குழவிக்குரிய பொருள்களைத் தெரிந்து வாங்குதல்

(கடலூரிற் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துப் பிழைக்கும் யான் இரசாயனத்தைப் பற்றிப் பேசத் துணிந்ததற்குச் சிலர் நகைக்கக்கூடும். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு நம் சங்கத்தார் அனுப்பிவரும் சீர்ப்பெட்டியில் இவ்வாண்டு என்னென்ன வைப்பதென்று ஆராயுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தமையின், அறிந்தவற்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரஞ் செல்லும் பெருஞ்சாலையிற் பயணஞ் செய்யாதார் இங்கு ஒருவருமிலர். பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊர்களை யொட்டிய சிப்காட் தொழிற்பேட்டையை அணுகியதும், பேருந்திலுள்ளோர் முன்றானையாலும் துண்டாலும் மூக்கை மூடிக்கொள்வர். அங்குச் செய்யப்படும் சரக்குகளுள் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கும் ஒன்று. அதற்கு மூலமாகிய வினைல் குளோரைடு என்னும் வாயு மக்களுக்குப் புற்றுநோய் விளைப்பதென்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆராய்ச்சிக் கழகம் வரையறுத்துள்ளது. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, அதனை மெத்தென்றாக்கத் தாலேட்டு என்னும் எண்ணெய் போன்ற பொருள்களைக் கலப்பர். (பெயரிற் 'றால்' என்னும் ஒலி இருத்தல் கொண்டு இதனை நம் தாலாட்டுக்கு உறவென்று எண்ணிவிடாதீர்கள்!) இவை பிளாஸ்டிக்கோடு ஒன்றாய்ப் பிணைந்து நில்லா, சூட்டிலும் எச்சிலிலும் மெல்லக் கசிந்து வெளிப்படும். உடலின் சுரப்பிகளது தொழிலை இவற்றுட் சில குலைக்கவல்லன. இவ்வூர் ஆலையின் சரக்கே பொம்மையாகின்றதென்று யான் கூற வரவில்லை. சாலையில் மூக்கை மூடிக்கொள்ளும் நாமே, அவ்வினத்துப் பொருளைக் கடையில் விலைகொடுத்து வாங்கிக் குழந்தையின் வாயிற் கொடுக்கின்றோமே என்பதுதான் என் கவலை.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் ஐந்தாந் திங்களிற் செங்கீரை, ஒன்பதாந் திங்களிற் சப்பாணி என்று பருவங்களை வகுத்தனர். இப்பருவங்களில் குழவி கைக்கெட்டிய யாவற்றையும் வாய்க்கே கொண்டுபோம். தன் எடைக்கு அது உண்பதும் மூச்செடுப்பதும் நம்மினும் மிகுதி; நஞ்சைக் கழிக்கும் ஈரலும் சிறுநீரகமும் இன்னும் முதிரவில்லை. ஆதலின் நமக்குச் சிறிதாவது அதற்குப் பெரிது.

முதலாவது, தூளி. பழைய பருத்திச் சேலையிற் கட்டும் தூளிக்கு இணையான தொட்டிலை யான் கண்டதில்லை. பலமுறை வெளுத்த துணியாதலின், புதுத்துணிக்கு ஏற்றும் கஞ்சியும் சாயமிச்சமும் அதில் இரா. ஆனால் ஓர் இடர் உண்டு. அதனைத் தாய்மார்கள் கவனித்துக் கேட்க வேண்டும். பாட்டியின் சேலையும் மூத்த குழந்தையின் சட்டைகளும் பெட்டியிற் பாச்சை உருண்டையோடு கிடந்தனவாயின், அவ்வாடையோடு சிசுவின்மேல் இடுதல் பெருந்தீங்கு. அவ்வுருண்டை பெரும்பாலும் நாப்தலீன் என்னும் பொருள். ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுங் காமாலையை வருவிக்கும். அது முற்றினால் மூளையையும் தாக்கும். குறையுள்ள குழந்தை எது என்பது முகத்தைப் பார்த்துத் தெரிவதன்று. எனவே உருண்டையை அகற்றி, துணியை நன்கு துவைத்து, நாற்றம் அறவே நீங்கும்வரை வெயிலில் உலர்த்துக. நாற்றம் நீங்காத துணியைக் குழந்தைக்கு இடவேண்டா.

அடுத்தது பாற்புட்டி. விளம்பரத்தையும், விற்பனையைப் பெருக்கும் பொருட்டு இனாமாக வழங்குதலையும் தடுத்து 1992-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. பாலிகார்பனேட்டு என்னும் பிளாஸ்டிக்கிலிருந்து பிஸ்பினால்-ஏ கசிவதை யறிந்து, ஐரோப்பியர் 2011-இல் அதனைப் புட்டிகளினின்றும் விலக்கினர். நம் நாட்டுத் தரநிர்ணயமும் 2015-இல் விலக்கியது. பிஸ்பினால்-ஏ இல்லையென்று அச்சிட்டிருப்பதால் மட்டும் மனம் அமைதியுறற்க. அதன் தம்பியாகிய பிஸ்பினால்-எஸ் சில பண்டங்களில் அவ்விடத்தே அமர்ந்துகொண்டது. இப்போது பெரிதும் வழங்கும் பாலிபுரோப்பிலீன் புட்டியிற் கொதிநீர் ஊற்றிக் குலுக்கினால் கண்ணுக்குப் புலனாகாத பிளாஸ்டிக் துகள்கள் இலட்சக்கணக்கில் உதிர்தலை 2020-இல் டப்ளின் நகர ஆராய்ச்சியாளர் கண்டு வெளியிட்டனர். தாய்ப்பாலே போதிய வீட்டில் இவ்வாராய்ச்சியெல்லாம் வேண்டா. கறந்த பாலோ மருத்துவர் சொன்ன பாலோ புகட்ட நேர்ந்தால், நம் பாலாடை இருக்கின்றது. எஃகிற் செய்ததைக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்யலாம். குறைமாதத்துக் குழந்தைக்கு இக்காலத்து மருத்துவமனைகளிலும் பாலாடையாற் புகட்டுகின்றனர்.

இனி விளையாட்டுப் பொருள். பட்டினப்பாலை கூறும் மூன்றுருளைச் சிறுதேரின் வழித்தோன்றலாக நடைவண்டி இன்றும் சிதம்பரத்துத் தேர்வீதிகளில் விற்கின்றது. மரம் நல்லது, மேலே பூசிய வர்ணமே வினவற்குரியது. தமிழர் காரீயம், வெள்ளீயம் என்று இரண்டைப் பிரித்துப் பெயரிட்டனர். வர்ணத்திற் சேர்ந்து குழந்தையின் மூளையை மழுக்குவது காரீயம். வீட்டுப் பூச்சுகளில் அது பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்னும் விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவுபெற்ற கைவினைஞர்க்கு விலக்கு உண்டு. விலக்குப் பெற்றவர் ஏமாற்றுவோர் என்பதன்று. ஆயினும் என்ன பூச்சென்று கேட்டு வாங்குதல் நம் பொறுப்பு. பூசாத மரமோ அரக்கிற் கடைந்ததோ கிடைப்பின் அதனையே கொள்க. முத்திரையின்றிச் சந்தையில் மலிவாய் விற்கும் மெத்தென்ற பொம்மை, முகர்ந்தால் நெடியடிக்குமாயின், விலை எத்துணைக் குறைவாயினும் விடுக. கடைக் கண்மையிலும் காரீயம் அகப்பட்டதுண்டு. மையழகு வேண்டுவோர் பொம்மைக்குத் தீட்டி மகிழலாம்.

சீர்ப்பெட்டியைப் பற்றி என் கருத்து இது. இதுகாறும் வைத்துவந்த பாற்புட்டியையும், ரப்பர்போல் நசுங்கும் வாத்துப் பொம்மையையும் நீக்குக. எஃகுப் பாலாடை ஒன்று, சாயமேற்றாத பருத்தித் துணி நான்கு முழம், பூச்சில்லா மரக் கிலுகிலுப்பை ஒன்று, பாச்சை உருண்டையைப் பற்றிய எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளொன்று, இவை போதும். அழகிய பெட்டி சிறுத்துப்போகுமே என்று சில அன்பர் வருந்துகின்றனர். காரியக் கமிட்டியார் அடுத்த கூட்டத்தில் இதனை வாக்கெடுப்புக்கு விடுமாறு கேட்டுக்கொண்டு அமர்கின்றேன்.