குத்தூசியும் கல்யாண ரவிக்கையும்

(ஆரி, மணி வேலைப் பயிற்சி முகாமின் நிறைவு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாக்களே, தங்கச்சிகளே, முகாமை நடத்திய தோழர்களே,

பத்து நாட்களாக இந்த இரவுப் பள்ளியில் சட்டம் போட்டு, துணியை இழுத்துக் கட்டி, ஊசி பிடிக்கப் பழகியிருக்கிறீர்கள். வங்கியில் கிளார்க், கவிதை எழுதுகிறவர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைக் காசு கட்டிக் கற்றுக்கொண்டவள் நான். கோவையில் ஒரு பட்டறையில் ஆறு ஞாயிற்றுக்கிழமை போனேன். அதனால் பொதுவாக வாழ்த்திவிட்டுப் போகாமல் ஊசியைப் பற்றியே பேசுகிறேன்.

ஆரி ஊசிக்குக் காது கிடையாது. நுனியில் சின்னக் கொக்கிதான். வலது கை துணிக்கு மேலே, இடது கை துணிக்குக் கீழே. மேலேயிருந்து குத்தினால் கீழே இருக்கிற விரல் நூலைக் கொக்கியில் மாட்டிவிடும். ஊசியைக் கொஞ்சம் திருப்பி மேலே இழுத்தால் ஒரு வளையம். அந்த வளையத்துக்குள்ளேயே அடுத்த குத்து. இப்படிப் போட்டுக்கொண்டே போனால் சங்கிலி. மணி வைக்க வேண்டுமென்றால் மெல்லிய ஊசியில் பாசியை ஏற்றிக்கொண்டு குத்த வேண்டும். நூல் மணியின் துளை வழியாக மேலே வரும். பத்து நாளில் இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு.

நான் போன பட்டறையில் முதல் நாள் இந்தக் கலையின் பெருமையைச் சொன்னார்கள். முகலாய அரண்மனை, ராணிகள், பட்டு, பொன் இழை. தப்பு என்று சொல்ல மாட்டேன். பொன் இழை வேலை முகலாய தர்பாரில் செழித்தது உண்மைதான். ஆனால் அந்த ஊசி எங்கிருந்து வந்தது? அதை யாரும் சொல்லவில்லை. பிறகு நானாகத் தேடிப் படித்தேன். குஜராத்தில், கட்ச் பகுதியில், மோச்சி என்று ஒரு சமூகம். செருப்புத் தைப்பதும் தோல் வேலையும் அவர்கள் தொழில். தோலைத் துளைத்து, கீழிருந்து நூலைப் பிடித்து மேலே இழுக்கிற கொக்கி வைத்த குத்தூசி அவர்கள் கையில் இருந்தது. அந்த ஊசியையே மெலிய வைத்துப் பட்டுத் துணியில் பூவும் கிளியும் போட்டார்கள். 'மோச்சி பரத்' என்றே அந்த வேலைக்குப் பெயர். கட்ச் அரச குடும்பத்துப் பெண்கள் அதைத்தான் உடுத்தினார்கள். குஜராத்தின் சங்கிலித் தையல் துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கிறார்கள்.

ஆக, இன்று கல்யாணப் பெண்ணின் முதுகில் மயிலும் யானையும் போடுகிற ஊசி, செருப்புத் தைத்த ஊசியின் பேத்தி.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தாத்தா பண்ணாடிகளின் கிணறுகளுக்குக் கவலையில் கட்டும் வால்தோல் தைத்தவர். கரண்டு மோட்டார் வந்தது, கவலை போனது. அப்புறம் செருப்பு. கூலி, களத்துமேட்டில் அளந்து போடுகிற தானியம். குத்தூசியும் உளியும் மெழுகு தேய்த்த நூலும் அவருடைய சொத்து. அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார முடியாது. அந்த ஊசியைத் தொட்டால் தீட்டு. அதே கொக்கி, அதே குத்து, அதே இழுப்பு. துணி மாறியதும், தைக்கிற இடம் தெருவோரத்திலிருந்து ஏசி அறைக்கு மாறியதும் தீட்டுப் போய்விட்டது! ஊசியில் தீட்டு இருந்திருந்தால் அது ஏன் பட்டில் ஒட்டவில்லை? இரும்பில் சாதி இல்லை தோழர்களே. சாதி, பிடித்திருக்கிற கையைப் பார்த்து ஒட்ட வைக்கப்பட்டது.

பட்டறையில் என் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். கூட இருந்த ஒரு அம்மா, நல்ல மனுஷிதான், "அப்ப உங்களுக்கு ரத்தத்துலயே இருக்குது, சீக்கிரம் வந்துரும்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரம் என் நூல் அறுந்துகொண்டே இருந்தது. இடது கை ஆட்காட்டி விரல் நுனி சல்லடையாகிவிட்டது. நாலாவது வாரம்தான் சங்கிலி நேராக வந்தது. அந்த அம்மாவுக்கு, பரம்பரையில் யாரும் ஊசி பிடிக்காதவருக்கு, இரண்டாவது வாரமே வந்துவிட்டது. ரத்தமாவது ஒண்ணாவது! திறமை ரத்தத்தில் ஓடுகிறது என்பதுதான் சாதியின் அஸ்திவாரம். அதைத் திட்டாகச் சொன்னாலும் பாராட்டாகச் சொன்னாலும் அதே பொய்தான். உனக்கு ஊசி ரத்தத்தில் இருக்கிறது என்கிறவன், எனக்குப் புத்தகம் ரத்தத்தில் இருக்கிறது என்று அடுத்த மூச்சில் சொல்வான்.

பயிற்சிப் பட்டறை என்ற ஏற்பாட்டில் நான் பார்க்கிற அரசியல் இதுதான். முன்பின் தெரியாத இருபது பேர் ஒரு அறையில் உட்கார்ந்து, பிறவியில் வரும் என்று சொல்லப்பட்டதைப் பத்து நாளில் கற்றுக்கொள்கிறார்கள். கைவேலை பிறப்பில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டியதில்லை. பிறப்பைப் பார்த்துத் தொழிலை ஒதுக்கியதுதான் சாதி என்று 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதாடினார். அந்த வாதத்துக்குச் சாட்சி, இதோ இந்தச் சட்டத்தில் கட்டியிருக்கிற துணி.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. நகரத்தில் இன்றைக்குப் பறை கற்றுக்கொள்ள எல்லாச் சாதியிலிருந்தும் வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஊரில் சாவு விழுந்தால் அடிக்க யாரைக் கூப்பிடுகிறார்கள்? கற்றுக்கொள்வது எல்லோருக்கும் பொது, கட்டாயம் மட்டும் நமக்கு என்றால் அது பாதி விடுதலைகூட இல்லை. பிடித்திருந்தால் ஊசியைப் பிடிக்கவும், பிடிக்காவிட்டால் கீழே வைத்துவிட்டுப் போகவும் முடிய வேண்டும். கீழே வைக்க முடிகிற ஊசிதான் கலை. வைக்க முடியாத ஊசிக்குப் பெயர் விலங்கு.

1953-இல் ராஜாஜி பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 2023-இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது, பதினெட்டுத் தொழில்களில் செருப்புத் தொழிலும் தையலும் இருந்தன. குடும்பத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு என்றும் இருந்தது. அந்த வடிவில் ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு முதல்வர் கடிதம் எழுதினார். 2025-இல் குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க நான் வரவில்லை. எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்கிறேன்: நான் விரும்பி வந்தேனா, என் அப்பன் யார் என்று பார்த்து உட்கார வைத்தார்களா? பள்ளிக்கூடம் போகிற தங்கச்சிகள் இங்கே ஆறேழு பேர் இருக்கிறீர்கள். மாலை நேரத்தில் பழகுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஊசியை எடுக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், வீட்டு ஆளாகவே இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள்.

அலங்காரம் என்ன பெரிய அரசியலா என்று கேட்கிற தோழர்கள் உண்டு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் தன் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இதை மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ரவிக்கையே கூடாது என்ற காலத்துக்கும் இப்போதைக்கும் நூறு வருஷம்கூட ஆகவில்லை. உங்கள் மடியில் இருப்பது வெறும் துணி இல்லை.

மணிக்கும் கதை உண்டு. திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கல்மாலைதான் போட வேண்டும் என்று கட்டாயம். அது நகை இல்லை, கழுத்தில் மாட்டிய சாதிச் சான்றிதழ். அய்யன்காளியின் இயக்கம் அதைக் கழற்றச் சொன்னது. 1915-இல் கொல்லம் பக்கத்துப் பெரிநாட்டில் அதற்காகக் கலவரம் நடந்தது, வீடுகள் எரிந்தன. அந்த வருஷ டிசம்பரில் கொல்லத்தில் கூட்டம் போட்டு, பெண்கள் ஊரறியக் கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். 1927 டிசம்பரில் மகாதில் அம்பேத்கரும் பெண்களிடம் இதையே பேசினார். சாதியைக் காட்டுகிற மாதிரிச் சேலை கட்டுவதையும், கையிலும் காலிலும் மாட்டியிருக்கிற கனத்த நகைகளையும் விடச் சொன்னார். பெண்கள் உடனே சேலைக் கட்டை மாற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு மணியை அறுத்ததும் விடுதலைதான். இன்றைக்கு நமக்குப் பிடித்த நிறத்தில், பிடித்த அளவில், நாமே மணி கோத்துப் போட்டுக்கொள்வதும் விடுதலைதான். யார் முடிவு செய்தது என்பதே கேள்வி.

மணி வேலை நமக்குப் புதுசும் இல்லை. நம்ம நொய்யல் கரையில், சென்னிமலைக்குப் பக்கம், கொடுமணலில் தோண்டினார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் இழைத்து மணி செய்த பட்டறைகள் கிடைத்தன. அரிக்கமேட்டில் கண்ணாடி மணி. வாங்கிய ரோமாபுரி வணிகர்களைப் பற்றி ஏடு ஏடாக எழுதியிருக்கிறார்கள். துளை போட்டவரின் பெயர் ஒன்றுகூட இல்லை. பஸ் ஸ்டாண்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஊசிமணி பாசிமணி கோக்கிற நரிக்குறவர் பெண்ணைப் பாருங்கள். 2023-இல்தான் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அவர் கை வேகம் எந்தப் பட்டறை ஆசிரியருக்கும் வராது. ஆனால் அவரை எந்தப் பட்டறைக்கும் ஆசிரியராகக் கூப்பிட்டதில்லை. அடுத்த முகாமுக்குக் கூப்பிடுங்கள் தோழர்களே, ஆசிரியருக்கான சம்பளம் கொடுத்து. தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள், மறந்துபோன தங்கள் பூத்தையலைப் பாட்டிகளிடமிருந்து திரும்பக் கற்றுக்கொண்டு தொழிலாக நடத்துகிறார்கள். 'போர்கை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் பெருமிதம் என்று அர்த்தம்.

பெருமிதம் சரி, சோறு? கிளார்க்காகக் கணக்குப் பேசுகிறேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா. கடையிலிருந்து ஏஜெண்டு ரவிக்கைத் துணி கொண்டுவந்து கொடுப்பார். ஒரு கல்யாண ரவிக்கைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். "பரவாயில்ல கண்ணு, வீட்டுல இருந்தே சம்பாதிக்கிறேன்" என்பார். ஒரு தடவை நோட்டுப் போட்டு, உட்கார்ந்த நேரத்தை எழுதச் சொன்னேன். நாற்பது மணி நேரம் வந்தது. மணிக்கு முப்பது ரூபாய். அதே ரவிக்கைக்குக் கடையில் போட்ட பில் எட்டாயிரம். அக்கா ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த துணி வந்தபோது இரண்டாயிரத்து ஐநூறு கேட்டார். ஏஜெண்டு கோபித்துக்கொண்டு போய், நாலு நாள் கழித்து ஆயிரத்து எண்ணூறுக்குத் திரும்பி வந்தார். தனியாகக் கேட்டதால் ஆயிரத்து எண்ணூறு. தெருவே சேர்ந்து கேட்டிருந்தால்?

அதனால் இந்த முகாம் சொல்லிக்கொடுக்காத மூன்று தையலை நான் சொல்கிறேன். ஒன்று, ஆளுக்கு ஒரு நோட்டு. எந்த நாள், எத்தனை மணி நேரம், எவ்வளவு நூல், எவ்வளவு மணி, எல்லாம் எழுத வேண்டும். இரண்டு, விலையைச் சேர்ந்து பேசுங்கள். இந்த அறையில் இருபத்திரண்டு பேர் இருக்கிறீர்கள். இருபத்திரண்டு பேரும் ஒரே விலையைச் சொன்னால் ஏஜெண்டு வேறு எங்கே போவார்? மூன்று, உங்கள் கோலத்தை நீங்களே வரையுங்கள். கடைக்காரர் கொடுக்கிற மயிலை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் கை நம்முடையது, கண் அவருடையது. நம்ம பனைமரம், நம்ம பறை, நம்ம வாசலில் மேய்கிற கோழி இதெல்லாம் ரவிக்கையில் ஏறக் கூடாதா? போட்ட துணியின் உள்பக்கம் ஒரு மூலையில் சங்கிலித் தையலில் உங்கள் பெயரையும் போடுங்கள். கொடுமணல் மணியில் இல்லாத பெயர் உங்கள் துணியிலாவது இருக்கட்டும்.

கடைசியாக என் மேசை சம்பந்தப்பட்ட விஷயம். முத்ரா திட்டத்தில் சிசு கடன் ஐம்பதாயிரம் வரை. அதற்கு அடமானம் கேட்கக் கூடாது. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா, பத்திரம் எடுத்துட்டு வா" என்று கவுண்ட்டரில் யாராவது சொன்னால், அதை எழுத்தில் கொடுங்க சார் என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே அடங்கிவிடுவார்கள். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறேன், நம்பலாம்.

சான்றிதழை பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் நான் இங்கேதான் வருவேன். நோட்டைக் கொண்டுவாருங்கள், கணக்குப் போடுவோம். கடன் வேண்டுமென்கிறவர்கள் ஆதாரும் பாஸ்புக்கும் கொண்டுவாருங்கள். விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லித் தருகிறேன். நிரப்புவதை நீங்களே நிரப்புங்கள். தொழில் என்ற கட்டத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதாதீர்கள். ஆரிக் கலைஞர் என்று எழுதுங்கள்.

ஜெய் பீம்.