அப்பாவுக்கு எந்த டி.வி.?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சூலக்கரையில் டி.வி. ரிப்பேர் பார்ப்பவன் என்பதால், வெளியூரில் இருக்கும் நம் நண்பர்கள் போன் போட்டால் கேட்பது ஒன்றுதான். "அப்பா அம்மாவுக்குப் பெரிய டி.வி. வாங்கணும்ப்பா, எதுல படம் நல்லா தெரியும்?" அதற்கு மேடையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல சோதனை இருக்கிறது: சிவகாசி வாணவேடிக்கை. இருட்டு வானத்தில் ராக்கெட் வெடிக்கும் காட்சியை ஓடவிடுங்கள். எல்லோரும் பொறியைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் சுற்றியுள்ள கறுப்பைப் பாருங்கள்.

பழைய பிக்சர் ட்யூபில் எலெக்ட்ரான் கற்றை பட்ட இடம்தான் ஒளிரும். படாத இடம் இருட்டு. எல்.சி.டி. அப்படியல்ல. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் திரவப் படிகம் ஜன்னல் கதவு மாதிரி மறைக்கும். ஆனால் முழுசாக மறைக்காது. வானம் சாம்பல் பூத்துத் தெரியும். எல்.இ.டி. டி.வி. என்பதும் எல்.சி.டி.தான், பின்விளக்கு மட்டும் மாறியது. க்யூ.எல்.இ.டி.யும் அதே குடும்பம்தான், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி! விலை கூடிய செட்டுகளில் பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைப்பார்கள். அப்போதும் பொறியைச் சுற்றி லேசாகப் புகைமூட்டம் தெரியும். பிளாஸ்மா கறுப்பில் கெட்டிக்காரன், ஆனால் கரண்ட் தின்றான். பானாசோனிக், சாம்சங், எல்.ஜி. மூன்றும் 2014 முடிவதற்குள் அதை நிறுத்திவிட்டன. ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். வாணத்துக்கு அதுதான் ராஜா.

அப்படியானால் அப்பாவுக்கு அதையே வாங்கலாமா? வேண்டாம் என்பேன். விருதுநகர் வெயில் உங்களுக்குத் தெரியாததா! வாசல் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே செய்திச் சேனல். அந்த வெளிச்சத்தில் கறுப்பின் அருமை எங்கே தெரியும்? சேனல் முத்திரை ஒரே இடத்தில் நின்று நின்று, நாளடைவில் திரையில் தழும்பு விழவும் கூடும். நல்ல வெளிச்சம் தரும் எல்.இ.டி. போதும். அம்மா ஓரமாகக் கட்டிலில் படுத்துப் பார்ப்பவர் என்றால், கடையில் பக்கவாட்டில் நின்று ஒருமுறை பாருங்கள். சில செட்டில் நிறம் வெளிறிவிடும்.

அளவிலும் அவசரம் வேண்டாம். 2006-இல் தொடங்கித் தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்ததே 14 அங்குல கலர் டி.வி., அதில் படம் இதைவிடத் தெளிவாக இருந்தது என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பழம்பெருமை அல்ல. சாதாரணச் சேனலில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576தான். சின்னத் திரையில் அவை நெருங்கி நிற்கும். 65 அங்குல 4கே திரையில் 2160 வரிகள், இல்லாததை டி.வி.யே ஊகித்து நிரப்பவேண்டும். ஒரு கரண்டி மாவை ஊருக்கே தோசையாக இழுத்த கதைதான். அப்பா பார்ப்பது சாதாரணச் சேனல் என்றால் 43 அங்குலத்தோடு நில்லுங்கள்.

செட் வந்ததும் 'விவிட்' என்றிருப்பதை 'சினிமா' என்று மாற்றுங்கள். பகலில் வேண்டுமானால் ஒளியைக் கூட்டுங்கள், நிறத்தைக் கூட்டாதீர்கள். முகமெல்லாம் மஞ்சளடிக்குதே என்று அம்மா இரண்டு நாள் திட்டுவார். மூன்றாம் நாள் பழகிவிடும்.