பரட்டை என்று சொல்லாதீர்கள்

ஜாசின், அலோர் காஜா தோட்டப்புறமானாலும் மலாக்கா பட்டணமானாலும் சுருட்டை முடிப் பெண்ணுக்குப் பட்டப்பெயர் 'பரட்டை'. பெற்ற தாயே அப்படி அழைத்தால், முதல் சம்பளத்தில் மகள் ரீபாண்டிங்குக்கு ஓடமாட்டாளா? ரசாயனம் முடியின் உட்பிணைப்பை உடைத்துத்தான் நேராக்குகிறது. வேரிலிருந்து வளர்வதோ மீண்டும் சுருட்டை. சில மாதத்தில் மேலே சுருட்டை, கீழே கோரை!

தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை சுருள் வழியே நுனிவரை எளிதில் இறங்காது. அதனால் முடி காய்கிறது. காய்ந்த முடியை நெருக்கமான பல் சீப்பால் இழுத்தால் முறிந்து பம்மென்று நிற்கும். குளிக்குமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். முடியின் புரத இழப்பை அது குறைப்பதாக 2003-இல் மும்பை ஆய்வொன்று வெளிவந்தது. செய்தது எண்ணெய் கம்பெனிதான். ஆனாலும் பாட்டிமார் வழக்கம் வீணில்லை. ஈரத்திலேயே, அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கிச் சிக்கெடுங்கள். துண்டால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். முதல்நாள் மாலையே தலைக்குக் குளிப்பாட்டிவிட்டால், காலையில் பள்ளிக்கு இரட்டைச் சடை போட விரலே போதும், அம்மாக்களே!