இருட்டு கிடைச்சிருச்சு, உட்கார இடம்தான் கிடைக்கல

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் கேட்டிருந்தார்: "நட்சத்திரம் பார்க்கணும்னா லடாக் வரைக்கும் போகணுமா? அவ்வளவு லீவு இல்லங்க." நியாயமான கேள்வி. நான் புதுக்கோட்டைக்காரி. வீட்ல இருந்து ஸ்கூட்டில போயிட்டு வர்ற தூரத்துல இருட்டா ஒரு இடம் தேடி ரெண்டு வருஷம் அலைஞ்சிருக்கேன். அந்தக் கதைதான் இன்னைக்கு. இருட்டு சுலபமா கிடைச்சது. அதுல பயமில்லாம ஒரு மணி நேரம் உட்கார்றதுக்குத்தான் இவ்வளவு பாடு.

கஜாவுல இருந்து ஆரம்பிக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியக்காலைல வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்க மாவட்டத்துக்குள்ள புகுந்து போன புயல். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. மின்கம்பங்கள் வரிசையா மடங்கிக் கிடந்தது. டவுனுக்கு கரண்ட் வந்துடுச்சு, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கா வரல. என் அத்தை வீடு ஆலங்குடிக்கு அந்தப் பக்கம். நான் அப்ப காலேஜ் படிச்சிட்டிருந்தேன். டிசம்பர் முதல் வாரம் அரிசி, மெழுகுவத்தி, கொசுவத்தி எல்லாம் எடுத்துக்கிட்டு அப்பாவோட போனேன். ராத்திரி அங்கயே தங்கிட்டோம்.

எட்டரை மணி இருக்கும். அமாவாசை நெருங்குற நேரம், நிலா இல்ல. வாசல்ல கயித்துக் கட்டில்ல படுத்து மேல பார்த்தேன். அவ்வளவு நட்சத்திரத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்ல. கார்த்திகைக் கூட்டம் தனித்தனிப் புள்ளியா நிக்குது. கிழக்க வரிசையா மூணு வெள்ளி ஏறி வருது, அதாவது ஓரியன் வேட்டைக்காரனோட இடுப்புப் பட்டை. நான் வாயப் பொளந்து பார்த்துக்கிட்டிருந்தேன். எங்க அப்பத்தா, "இதெல்லாம் எப்பவும் இருக்கறதுதான ஆத்தா, நீங்கதான் லைட்டப் போட்டு மறைச்சு வச்சிருக்கீக"ன்னாங்க.

அதே வாசல்ல, அதே வானத்துக்குக் கீழ, மாமா திண்ணைல உட்கார்ந்து சாஞ்சுபோன தென்னை எத்தனைன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டிருந்தார். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் பார்க்குற அழகு இவங்க வீட்டு இழவுல வந்தது. அதனால அன்னைக்கு யார்கிட்டயும் "வானம் சூப்பரா இருக்கு"ன்னு சொல்லல. இன்னொண்ணு, அந்த மாசம் 46பி விர்டானன்னு ஒரு வால்நட்சத்திரம் பூமிக்குப் பக்கத்துல வந்துச்சு. டிசம்பர் 16, கார்த்திகைக்குப் பக்கத்துலயே. நல்ல இருட்டுல வெறுங்கண்ணுக்கே மங்கலா தெரிஞ்சிருக்கும். எனக்கு விஷயம் தெரிஞ்சது மூணு வருஷம் கழிச்சு.

அதுக்கப்புறம்தான் தேடல். மொதல்ல எல்லாரும் செய்யிறதைத்தான் நானும் செஞ்சேன், ஒளி மாசு வரைபடத்தைத் திறந்தேன். செயற்கைக்கோள் ராத்திரில எடுத்த படத்தை வச்சு, எந்த ஊர் எவ்வளவு வெளிச்சம் விடுதுன்னு நிறம் நிறமா காட்டும். திருச்சி பளிச்சுனு இருக்கு, தஞ்சாவூர் அடுத்து, கீழ காரைக்குடி. நடுவுல எங்க மாவட்டத்துல நிறைய இடம் இருட்டா கிடக்கு. போர்ட்டில் அளவுகோல்னு ஒண்ணும் உண்டு. ஜான் போர்ட்டில் 2001-ல எழுதினது. 1-னா சுத்தமான இருட்டு, 9-னா பெருநகர மையம். சென்னைல இருக்கறவங்க 8, 9-ல வாழ்றீங்க. எங்களுக்கு அரை மணி நேரத்துல நல்ல எண்ணே கிடைக்கும். ஆனா அந்த மேப்புல கிணறு தெரியாது, ஆள் தெரியாது.

முதல் இடம் சித்தன்னவாசல். பாறைக்குன்று, சுத்தி வெட்டவெளி, டவுன்ல இருந்து பதினாறு கிலோமீட்டர் மாதிரி. ஏழடிப்பட்டத்துல சமணத் துறவிங்க படுத்த கற்படுக்கை இருக்கு, பக்கத்துல ரெண்டாயிரம் வருஷம் பழைய தமிழ் பிராமி எழுத்து. இங்க படுத்தவங்க எவ்வளவு வானம் பார்த்திருப்பாங்கன்னு உருகிக்கிட்டே போனேன். அப்புறம்தான் உறைச்சது, அது குகை, மேல கூரை! எப்படியும் தொல்லியல் துறை இடம், சாயங்காலத்தோட வாசலை மூடிருவாங்க. மூடினதுக்கு அப்புறம் சுவர் ஏறுற ஆள் நான் இல்ல. நீங்களும் ஏறாதீங்க.

அடுத்து நார்த்தாமலை பக்கம். பகல்லயே போய் பார்த்ததுதான் நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம். எங்க மாவட்டத்துல கைவிட்ட கல்குவாரிங்க நிறைய. பல ஆள் ஆழத்துக்கு வெட்டி, தண்ணி நின்னு, விளிம்புல ஒரு வேலி கூட இருக்காது. அதே மாதிரிதான் தோட்டத்துக் கிணறுகளும். பல கிணத்துக்கு சுத்துச்சுவரே கிடையாது, தரையோட தரையா வாய் திறந்து கிடக்கும். வானத்தைப் பார்த்துக்கிட்டே பின்னாடி ரெண்டு அடி வைக்கிறது எங்க வழக்கம் ஆச்சே! பகல்ல ஒரு தடவை நடந்து பார்க்காத இடத்துக்கு ராத்திரி போகவே கூடாதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன்.

மூணாவதா ஒரு கண்மாய்க் கரை. நானும் என் தோழியும் போனோம். அடிவானம் நாலு பக்கமும் திறந்து கிடக்கு, பைனாகுலர் எடுத்து வச்சாச்சு. ஒன்பது மணிக்கு நாலு பேர் டார்ச்சும் கம்புமா வந்துட்டாங்க. "யாரு வீட்டுப் பிள்ளைக? எந்த ஊரு? இங்க என்ன வேலை?"

அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. எங்க பக்கம் ஆடு திருட்டு சாதாரண விஷயம் இல்ல. 2021 நவம்பர்ல ஆடு திருடினவங்களைத் துரத்திக்கிட்டு வந்த ஒரு சிறப்பு உதவி ஆய்வாளரை கீரனூர் பக்கம் வெட்டிக் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம், ராத்திரில லைட்டை அணைச்சிட்டு பைக்ல நிக்கிற ஆளை ஊர்க்காரங்க சந்தேகப்படாம இருந்தாதான் ஆச்சரியம். பைனாகுலரைக் காட்டி, வியாழனைக் காட்டி விளக்கினேன். ஒருத்தர் வாங்கிப் பார்த்தார். ஆனாலும் "கிளம்புங்கம்மா"ன்னு சொல்லி, மெயின் ரோடு வரைக்கும் பின்னாடியே வந்து விட்டுட்டுப் போனாங்க. நல்லவங்க. ஆனா அவங்க நல்லவங்களா இருந்தது என் அதிர்ஷ்டம், என் திட்டம் இல்ல. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் தூக்கம் வரல. என் ஆண் நண்பர்கள் இதே கதையை 'அட்வெஞ்சர்'னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. நான் அப்படிச் சொல்ல முடியாது.

மணமேல்குடி கடற்கரையும் யோசிச்சோம். கிழக்க முழுக்க கடல், அந்தப் பக்கம் ஊரே இல்ல. ஆனா எழுபது கிலோமீட்டர் கிட்ட, திரும்பி வர்றப்ப நடுராத்திரி ஆயிரும். அதனால விட்டுட்டோம்.

இந்த விஷயத்துல விஞ்ஞானிங்களும் நம்ம மாதிரிதான். 1960-கள்ல வைணு பாப்பு ஒரு நல்ல வானம் தேடி ஜவ்வாது மலைல காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோட ஆரம்பம், 1986-ல 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்துச்சு. தெற்கு வானம் நல்லா தெரியுங்கறது அந்த இடத்தோட பெரிய பலம். அப்புறம் இன்னும் இருட்டு தேடி லடாக்ல ஹன்லே வரைக்கும் போனாங்க. 2022-ல ஹன்லேயைச் சுத்தி இருண்ட வானக் காப்பகம் அறிவிச்சாங்க. அங்க எனக்குப் பிடிச்சது உயரமோ குளிரோ இல்ல. உள்ளூர் ஜனங்களுக்கே பயிற்சி குடுத்து, கையில தொலைநோக்கியும் குடுத்து, வர்றவங்களுக்கு வானத்தைக் காட்ட வச்சிருக்காங்க. நீங்க அங்க போனா அந்த ஊர்க்காரங்களோட விருந்தாளி. கண்மாய்க் கரைல எனக்கு இல்லாதது அதுதான்.

அது மண்டைல ஏறுனதும் அத்தைக்கு போன் போட்டேன். "அத்தை, அமாவாசைக்கு வரட்டுமா?" அத்தை சரின்னுட்டாங்க. அம்மாதான், "வேற நாளே கிடைக்கலயா? அமாவாசை ராத்திரி, வழில அய்யனார் கோயில் வேற இருக்கு"ன்னு ஆரம்பிச்சாங்க. நிலா இல்லாத நாள்தான் வேணும்னு எவ்வளவு சொல்லியும் நடக்கல. கடைசில அமாவாசைக்கு மூணு நாள் முன்னாடின்னு ஒப்பந்தம். உண்மையில அதுவே போதும். தேய்பிறைக் கடைசில நிலா விடியக்காலைலதான் வரும், முன்னிரவு முழுக்க நமக்குத்தான்.

போனா, தெரு முனைல புதுசா ஒரு எல்.இ.டி விளக்கு! வெள்ளை வெளேர்னு, களம் முழுக்க பால் ஊத்தின மாதிரி. எனக்கு வந்துச்சே எரிச்சல். "இதை யாரு இங்க வைக்கச் சொன்னா?"ன்னு சத்தமாவே கேட்டுட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல நின்னாங்க. ஆலங்குடில ஒரு துணிக்கடைல வேலை, கடைசி பஸ்ஸுல வந்து ஒரு கிலோமீட்டர் நடந்து வர்றவங்க. "நான்தான் பாப்பா சொன்னேன். உனக்கு இருட்டு வேணும்னா டார்ச்ச அமத்துனா போதும். எனக்கு வெளிச்சம் வேணும்னா மூணு வருஷம் கிராம சபைல மனு குடுக்கணும்."

நான் ஒண்ணும் பேசல. என்ன பேசுறது? நான் கண்மாய்க் கரைல ஒரு நாள் பட்டது, அவங்க தினம் படுறது.

மறுநாள் காலைல ரெண்டு பேரும் டீ குடிச்சுக்கிட்டே அந்த விளக்கைப் பார்த்தோம். அது ரோட்டைப் பார்த்து இல்ல, வானத்தைப் பார்த்து பாதி சாஞ்சு இருந்துச்சு. வெளிச்சத்துல ஒரு பங்கு களத்துக்கும் மேகத்துக்கும் போகுது, அக்கா நடந்து வர்ற திருப்பம் மட்டும் இருட்டு. மேல போற வெளிச்சத்தால அவங்களுக்கும் லாபம் இல்ல, எனக்கும் இல்ல. பஞ்சாயத்துல விளக்கு மாத்துறவர்கிட்ட அக்காவே சொன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வந்து கீழ்ப்பக்கமா மடக்கி விட்டார். திருப்பம் இப்ப தெரியுது. களத்துல இன்னும் கொஞ்சம் வெளிச்சம் அடிக்கத்தான் செய்யுது. அதனால நான் அத்தை வீட்டு மொட்டை மாடிக்கு மாறிட்டேன். தண்ணி டேங்க் நிழல் விழுற மூலைல தெரு விளக்கு கண்ணுல படாது. ரெண்டு வருஷம் மலை மலையா தேடி, கடைசில ஒரு பிளாஸ்டிக் டேங்குக்குப் பின்னாடி!

மாடில இன்னொரு நிம்மதி, பாம்பு. கட்டுவிரியன் ராத்திரிலதான் நடமாடும். தரைல படுத்திருக்கறவங்களைக் கடிச்சா வலி கூட பெருசா தெரியாது, அதான் ஆபத்து. வயல்லயோ களத்துலயோ பார்க்குறதா இருந்தா பாய் விரிக்காதீங்க, கட்டிலோ நாற்காலியோ போடுங்க. கடிச்ச மாதிரி சந்தேகம் வந்தாலே 108, நேரா அரசு மருத்துவமனை. கண்ணு இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும், அதனால சிவப்பு வெளிச்சம்தான் வைக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க. சரிதான், டார்ச்சுல சிவப்புக் கண்ணாடித்தாள் சுத்தினா போதும். ஆனா அது உட்கார்ந்ததுக்கு அப்புறம். நடக்கும்போது நல்ல வெள்ளை டார்ச் அடிச்சு, தரையைப் பார்த்து நடங்க. கண்ணு திரும்பப் பழகிக்கும்.

இவ்வளவு பாடுக்கும் என்ன கிடைக்குதுன்னு கேட்டீங்கன்னா, தெற்கு வானம். நாம இருக்கறது பத்து டிகிரி அட்சரேகைல. துருவ நட்சத்திரம் வடக்க ஒரு முஷ்டி உயரத்துலதான் தெரியும், ஆனா தெற்க நமக்குத் திறந்து கிடக்கு. பிப்ரவரில ஒன்பது மணி வாக்குல அகத்தியர் நட்சத்திரம், வானத்துலயே ரெண்டாவது பிரகாசமானது, தெற்க நல்லா ஏறி நிக்கும். ஏப்ரல் கடைசி, மே மாசம் ஒன்பது பத்து மணிக்கு தெற்குச் சிலுவை. கையை நீட்டி விரலை விரிச்சு, சுண்டு விரலை அடிவானத்துல வச்சா, கட்டைவிரல் நுனிகிட்ட இருக்கும். டெல்லிக்காரங்களுக்கு அது முழுசா எழும்புறதே இல்ல. அதுக்கு மேல பைனாகுலர்ல ஒமேகா சென்டாரி, பஞ்சு உருண்டை மாதிரி. சுமார் ஒரு கோடி நட்சத்திரம், பதினேழாயிரம் ஒளியாண்டு தூரத்துல.

ஐப்பசி, கார்த்திகைல மழை மேகம், நம்பிப் போகாதீங்க. தை பொறந்தா வானம் தெளியும், பனிக்கு மட்டும் ஒரு துண்டு எடுத்துக்கங்க.

ஊர் பேர் சொல்ல மாட்டேன். சொன்னா அடுத்த வாரம் பத்து பைக் போய் நிக்கும், பாவம் அத்தை. உங்களுக்கும் ஒரு அத்தையோ, சித்தப்பாவோ, கூடப் படிச்சவங்களோ ஏதாவது ஒரு ஊர்ல இருப்பாங்க. மேப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்கு போன் பண்ணுங்க. தோழியைக் கூட்டிட்டுப் போங்க, எப்ப திரும்புவோம்னு வீட்ல சொல்லிட்டுப் போங்க.

போன மே மாசம் பக்கத்து வீட்டு அக்காவும் மாடிக்கு வந்தாங்க. கடைசி பஸ்ஸுல வந்து, சாப்பிட்டு, பத்தரை மணிக்கு. சிலுவையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இதையா பார்க்க டவுன்ல இருந்து வர்ற?"ன்னு கேட்டாங்க. அப்புறம் கீழ இறங்காம பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க.

அடுத்த தடவை சரியா அமாவாசை அன்னைக்கே போறதா பிளான். அத்தை முறுக்கு சுட்டு வைக்கிறேன்னு சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.